மாவட்டத்துக்கு ஒரு பகா எண்

மாசானத்துக்கு எண் விழுந்ததும் எண் அலுவலர் பிரின்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். உரக் கிடங்கில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கியவன் அவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தனக்காக எழுந்து நின்று அதுவரை பார்த்ததில்லை. பயந்துபோனான்.

"எதுவும் தப்பாப் போச்சா மேடம்?"

"தப்பா? அண்ணாச்சி, உங்களுக்குப் பகா எண் விழுந்திருக்கு! மாவட்டத்துக்கே ஒண்ணுதான்."

வரிசையில் நின்ற இருநூறு லோடுமேன்களும் கைதட்டினார்கள். எதற்கென்று ஒருத்தனுக்கும் தெரியாது. அவனுக்கு முன்னால் எண் வாங்கிய கொம்பையா மட்டும் எட்டிப் பார்த்தான். "என்னவே, வீடு கீடு குடுக்காங்களா?"

எண் 1299963601. நூற்றிருபத்தொன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்து அறுபத்து மூவாயிரத்து அறுநூற்று ஒன்று. அட்டையில் அச்சடித்து, மணிக்கட்டில் ஒரு பட்டையும் மாட்டிவிட்டார்கள்.

அதுவரை ஒன்றாக மூட்டை தூக்கும் ஆட்களைச் செட்டு சேர்ப்பது மேஸ்திரியின் வேலையாக இருந்தது. அவன் தன் தெருக்காரன், தன் சாதிக்காரன், சாயங்காலம் தனக்கு வாங்கித் தருகிறவன் என்று பார்த்துச் சேர்த்தான். மற்றவன் வெயிலில் நின்றான். வழக்கு நடந்தது, இரண்டு பேர் வெட்டுப்பட்டார்கள், அரசாங்கம் யோசித்துக் கணக்கைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சுமைத் தொழிலாளிக்கும் இயந்திரம் பத்து இலக்க எண் ஒன்றைக் குலுக்கிப் போடும். ஒன்றை விட்டுவிட்டு, அந்த எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் ஆகச் சிறிய எண் எதுவோ, அதுதான் அவன் செட்டு. இரட்டைப்படை எண்காரன் எல்லாம் இரண்டு செட்டு. கொம்பையாவின் எண்ணை இரண்டும் மூன்றும் ஐந்தும் வகுக்கவில்லை, ஏழு வகுத்தது. அவன் ஏழு செட்டு.

"அதுக்குப் பேசாம செட்டையே சீட்டுக் குலுக்கிப் போட்டா என்ன மேடம்? எதுக்கு இந்த வகுத்தல் எழவெல்லாம்?" என்று கொம்பையா கேட்டான்.

"சீட்டை மாத்தி எழுதிரலாம் அண்ணாச்சி. எண்ணை மாத்த முடியாது. வீட்டுல போய் நீங்களே வகுத்துப் பாத்துக்கலாம். எந்த மந்திரி வந்து சொன்னாலும் ஏழால வகுபடாதது வகுபடாது." பிரின்சி இதை ஆசையாகச் சொன்னாள். எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வேலை. படித்த படிப்பு உரக் கிடங்கு வாசலில் உதவும் என்று அவளே எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"அப்ப நான் எந்தச் செட்டு?" என்றான் மாசானம்.

"உங்க எண்ணை எதுவுமே வகுக்காது. அதான் பகா எண். இருபதுக்கு மேல உள்ள எண்ணால மட்டும் வகுபடுறதை இயந்திரமே தள்ளிரும், வெளிய விடாது. பகா எண்ணை மட்டும் மாவட்டத்துக்கு ஒண்ணு விடச் சொல்லியிருக்காங்க. யார் பக்கமும் சாயாத ஆளு ஒருத்தர் இருக்கணும்னு. உங்களுக்குச் சால்வை உண்டு, சான்றிதழ் உண்டு, கிடங்குல தனி நாற்காலி உண்டு."

"அதெல்லாம் சரி. எந்தச் செட்டு?"

"செட்டு கிடையாது அண்ணாச்சி. நீங்க தனி."

"அப்ப மூட்டைய என் தலையில யாரு ஏத்துவா?"

பிரின்சி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். சால்வையின் நீளம் வரைக்கும் அதில் இருந்தது. இது இல்லை.

ஐம்பது கிலோ மூட்டையை ஒருத்தன் தானாகத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஆட்டித் தூக்க வேண்டும். அது மேலே போகிற நேரத்தில் மூன்றாமவன் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். நுழைகிற நேரம் தப்பினால் கழுத்து போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம் என்கிற அளவுக்குப் பழகிய கைகள் வேண்டும். மாசானத்துக்கு அப்படிப்பட்ட கை கொம்பையாவுடையது.

முதல் நாள் கொம்பையா பழக்கத்தில் அவன் மூட்டையைப் பிடித்துவிட்டான். இரண்டு பேர் மணிக்கட்டுப் பட்டையும் அலறியது. வேறு செட்டுக்காரன் மூட்டையில் கைவைத்தால் செட்டு மொத்தத்துக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. ஏழு செட்டில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் வீட்டுக்குப் போனார்கள், கொம்பையாவின் அம்மாவை வழி நெடுக வசவில் இழுத்துக்கொண்டே. மறுநாள் காலையில் கொம்பையா மாசானத்தின் பக்கம் பார்க்காமல் நடந்தான். அதில் தப்புச் சொல்லவும் முடியாது.

சாதியை ஒழிக்கத்தான் எண் வந்தது. ஒழிந்ததா என்றால், மூன்று மாதத்தில் இரண்டு செட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு டீக்கடை வைத்துக்கொண்டார்கள். மூன்று செட்டுக்காரன் அங்கே போனால் டீ கிடைக்கும், பெஞ்சு கிடைக்காது. பதினொன்று செட்டில் ஒருத்தன் மகளுக்கு நல்ல இடம் வந்தபோது, "பையன் நல்ல பையன்தான், ஆனா ரெண்டாமே? ரெண்டுல எல்லாக் கழுதையும் வரும்" என்று திருப்பி அனுப்பினான். பழைய சாதியும் எங்கும் போய்விடவில்லை. அது வீட்டுக்கு, இது கிடங்குக்கு.

மாசானம் எல்லா வீட்டு விசேஷத்துக்கும் பொதுவானவன் ஆனான். இரண்டுக்கும் மூன்றுக்கும் தகராறு என்றால் நடுவில் உட்கார அவனைக் கூப்பிட்டார்கள். கோயில் கொடையில் யார் செட்டு முதலில் சப்பரம் தூக்குவது என்று அடிதடி ஆனபோது, தேங்காயை அவன் கையில் கொடுத்து உடைக்கச் சொன்னார்கள். சப்பரத்தைத் தொடவிடவில்லை.

"மவராசன் நாற்காலில உக்காந்து எந்திரிச்சு வந்துட்டாரு" என்று மனைவி பேச்சித்தாய் சோற்றை வைப்பாள். அவள் உப்பளத்துக்குப் போய்க் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது. "சால்வைய வெட்டித் தலகாணி உறை தச்சிருக்கேன். இன்னொண்ணு குடுத்தாங்கன்னா எனக்கும் ஒரு உறை ஆவும்."

நூறாம் நாள் பிரின்சி அவனிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, நூத்தியெண்பது நாள் மூட்டை தூக்கலைன்னா பதிவேட்டுல பேரு தானா அழிஞ்சிருமாம். பேரு அழிஞ்சா திரும்பச் சேர்க்க மாட்டாங்க. வயசு நாப்பத்தஞ்சு தாண்டிட்டுல்ல."

"நாற்காலி?"

"தொழிலாளியா இருந்தாத்தானே பகா கௌரவம்."

மாசானம் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மேடம், என் எண்ணை எதுவும் வகுக்காதுன்னு சொல்லுதீங்களே, எல்லா எண்ணையும் போட்டுப் பாத்துச்சா அந்த மிஷினு?"

"நூறு வரைக்கும் நேராப் போட்டுப் பாக்கும். அதுக்கு மேல ஒவ்வொண்ணா போடாது. ஒரு சுருக்கு வழி இருக்கு. ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி உங்க எண்ணால வகுக்கும். பகா எண்ணா இருந்தா கடைசில ஒண்ணு மிஞ்சும். உங்களுக்கு மிஞ்சிச்சு."

"ஒண்ணுன்னு சொல்லாதீங்க. மூட்டை எண்ணுறப்ப முத மூட்டைக்கு லாபம்னுதான் சொல்லுவோம்."

"சரி, லாபம் மிஞ்சிச்சு."

"பகா எண்ணா இல்லாம, அதே மாதிரி லாபம் மிஞ்சுற எண்ணு உலகத்துலயே கிடையாதா?"

பிரின்சி குரலைத் தாழ்த்தினாள். "உண்டு. ரொம்ப அபூர்வம். சோதனைல பகா எண் மாதிரியே நடிக்கும். நாலஞ்சு விதமா சோதிச்சா மாட்டிக்கிடும். ஒப்பந்தக்காரன் ஒரு விதத்தோட நிறுத்திட்டான். கருவி மலிவா முடியும்ல."

மாசானம் சிரித்துவிட்டான். நூறு நாளில் முதல் சிரிப்பு.

"உள்கூடு."

"என்னது?"

"அட்டி போடுவோம்லா மேடம், மூட்டைய அடுக்கி. வெளிய பாத்தா நீளம் இருபது, அகலம் பத்து, உயரம் பன்னெண்டு. ஆபீசர் வருவாரு, மூணு பக்கமும் எண்ணிப் பெருக்கி ரெண்டாயிரத்தி நானூறுன்னு எழுதிட்டுப் போயிருவாரு. உள்ள நடுவுல ஒண்ணுமே இருக்காது. முன்னூறு மூட்டை வெளிய போயிருக்கும். நானும் கொம்பையாவும் பழைய மேஸ்திரிக்கு எத்தனை உள்கூடு கட்டியிருக்கோம்! மேல ஏறி ஒவ்வொண்ணா இறக்குனாத்தான் தெரியும். எந்த ஆபீசர் இறக்குவான்?"

"நான் போன்ல போட்டுப் பாத்தா ஒரு நொடி வேலை அண்ணாச்சி. ஆனா அடையாள எண்ணை வேற கருவில போட்டா ஆறு மாசம் உள்ள வச்சிருவாங்க. சட்டம்."

"சுவரு கருவியா?"

"...இல்ல."

"ஒரு சாக்பீசு டப்பா வாங்கித் தாங்க."

அவன் ஐந்தாவது வரை படித்தவன். வகுத்தல் தெரியும், மறக்கவில்லை. கிடங்கின் பின்சுவரில், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். எண் ஒன்றில் முடிகிறது, அதனால் இரட்டைப்படையும் ஐந்தில் முடிவதும் வேண்டாம். நூறு வரை இயந்திரம் பார்த்துவிட்டது. 101 போட்டான். 75 மிஞ்சியது. சரிபார்க்க இன்னொரு தடவை போட்டான். 75. அடுத்து 103. ஒரு நாளைக்கு நாலு எண். மூட்டை தூக்கும்போது கை வலிக்காதவனுக்குச் சாக்பீஸ் பிடித்து விரல் வலித்தது.

லோடு ஏற்றுகிறவர்கள் போகிற போக்கில் விசாரித்தார்கள். "என்னவே பகா, எதுவும் சிக்குதா?" "சுவரு தாங்குமாவே?" ஏழு செட்டுக்காரன் ஒருத்தன் கொம்பையாவிடம் சொன்னான், "ஒம்ம கூட்டாளிக்குக் கழண்டுட்டு." கொம்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். ஆனால் சுவரில் எண் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தினமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனான்.

ஐம்பதாவது நாள் 599 போட்டபோது 24 மிஞ்சியது. அழித்துவிட்டு 601 போட்டான். 1299-இல் இரண்டு தடவை போனது. 97. ஒன்பதை இறக்கினான், ஒரு தடவை. ஆறை இறக்கினான், ஆறு தடவை. மூன்றை இறக்கியபோது 1803 வந்தது. மூன்று தடவை போய்ச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டது. நடுவழியில் பூஜ்யம். எங்கேயோ பிசகிவிட்டது என்று நினைத்தான். மிச்சம் இருந்த இலக்கங்களை இறக்கினான். ஆறு, போகவில்லை. அறுபது, போகவில்லை. அறுநூற்று ஒன்று.

அவன் சாக்பீஸைக் கீழே வைத்தான். எண்ணின் வாலிலேயே 601 தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நூற்றைம்பது நாள் அதைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

பிரின்சி வந்து சுவரைப் பார்த்தாள். தாளில் தானும் போட்டாள். 601 பெருக்கல் 2163001. பிறகு அந்த 2163001-ஐயும் விடாமல் போட்டு அது 1201 பெருக்கல் 1801 என்று கண்டுபிடித்தாள். "எவ்வளவு அழகான எண் தெரியுமா அண்ணாச்சி இது!" என்றாள்.

"அழகு கிடக்கட்டும். எனக்குச் செட்டு உண்டா?"

கிடங்கு ஆட்களில் அவன் முதலில் சொன்னது கொம்பையாவிடம். டீக்கடைக்கு வெளியே பிடித்துச் சொன்னான். கொம்பையா டம்ளரை வைத்துவிட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

"வகுபடுதாவே! நெசமாவா?"

"மிச்சமே இல்ல."

"ஏழால வகுபடுதா?"

"ஏழால இல்ல. அறுநூத்தி ஒண்ணால."

கொம்பையா டம்ளரை மறுபடி எடுத்தான். "அப்ப என்னவே" என்றான்.

புது எண் கேட்டு மனு மேலே போனது. பதினெட்டு நாளில் பதில் வந்தது. பிரின்சி படித்துக் காட்டினாள். "மேற்படி எண், அங்கீகரிக்கப்பட்ட கருவியின்படி பகா எண்ணே ஆகும். அது 601-ஆல் வகுபடுவது குறித்து இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை."

நூற்றெழுபத்தாறாம் நாள் துணை இயக்குநர் ஜீப்பில் வந்தார். மனு வெளியே போய்விடக் கூடாது என்கிற பயம் அவரைச் சென்னையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரைப் பார்த்தார். நல்ல மனுஷன்தான், இரண்டு நிமிஷம் நின்று வகுத்தலை முழுதும் படித்தார்.

"நீங்க சொல்றது சரிங்க. உங்க எண் வெளியவே வந்திருக்கக் கூடாது. பகாவும் இல்ல, எந்தச் செட்டும் இல்ல."

"அப்ப திருத்துங்க சார்."

"ஒண்ணைத் திருத்தினா, கருவி தப்புன்னு ஆயிடும். கருவி தப்புன்னா எல்லா மாவட்டத்துலயும் எல்லார் செட்டும் கேள்வி ஆயிடும். நாளைக்கே பழைய மேஸ்திரிங்க வந்து நிப்பாங்க. அது வேணுமா உங்களுக்கு?"

மாசானம் தலையை ஆட்டினான். வேண்டாம்.

"அதனால ஒரு வழி. உங்க சேவையைப் பாராட்டி, நீங்க கேட்டுக்கிட்டபடி, புது எண் தர்றோம். இரட்டைப்படை. நாளைக்கே ரெண்டு செட்டு. பழைய எண் பகா எண்தான், எனக்கு அதுல எந்தச் சந்தேகமும் இல்லைன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

பிரின்சி சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"பழைய எண்ணு என்ன ஆவும்?"

"மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கணுமே. அடுத்த பதிவுக்குப் போகும். உப்பளக்காரங்களுக்கு இந்த வாரம் பதிவு. யாராவது ஒரு அம்மாவுக்கு விழும்."

"அந்தம்மாகிட்டச் சொல்லுவீங்களா, இது வகுபடும்னு?"

"எப்படிங்க சொல்றது? அது பகா எண்ணுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருப்பீங்களே."

மாசானம் பிரின்சியைப் பார்த்தான். "மேடம், நீங்க என்ன சொல்லுதீங்க?"

"எனக்கு இன்னும் ஏழு மாசம் ஒப்பந்தம் இருக்கு அண்ணாச்சி" என்றாள் பிரின்சி. தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "நாலு நாள்ல உங்க பேரு அழிஞ்சிரும்."

உப்பளத்தில் யாருக்கு விழும் என்று அவன் நினைத்துப் பார்க்காமல் இல்லை. பேச்சித்தாய் போகிற அளத்தில் மட்டும் நாற்பது பெண்கள். உப்புக் கூடையையும் தலையில் ஏற்றிவிட ஆள் வேண்டும். அங்கேயும் சுவர் இருக்கும், சாக்பீஸ் கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டது போதவில்லை. இருந்தாலும் பேனாவை வாங்கினான். பெயரை எழுதினான். துணை இயக்குநர் கை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பின்சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

வீட்டில் சொன்னான். பேச்சித்தாய் முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நாளைக்கு வேலைக்குப் போறீங்களா?"

"போறேன்."

"பின்ன என்ன மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு" என்றாள். உப்பளப் பதிவைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு செட்டில் நூறு பேருக்கு மேல். முதல் மூட்டையை யாரென்றே தெரியாத இரண்டு பேர் பிடித்து ஆட்டினார்கள். மாசானம் குனிந்து நுழைந்தான். நேரம் தப்பவில்லை. பாரம் உச்சந்தலையில் இறங்கி, கழுத்து வழியாக முதுகெலும்புக்குள் போய், முழங்காலில் வந்து நின்றது. ஆறு மாதம் கழித்து உடம்பு தன் இடத்துக்குத் திரும்பியது. வியர்வையோடு கண்ணீரும் வந்தது. யாரும் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு இரண்டு செட்டு டீக்கடையில் அவனுக்குப் பெஞ்சு கொடுத்தார்கள். உட்கார்ந்தான். ஒரு வாரத்தில், "ரெண்டுன்னா ஒரு கெத்துதான்வே" என்று யாரோ சொன்னபோது அவனும் சேர்ந்து சிரித்தான்.

மூன்றாவது வாரம் கப்பல் யூரியா வந்து இறங்கியது. ஏழு செட்டில் எல்லோரும் காய்ச்சலில் விழுந்து, கொம்பையாவும் இன்னொருத்தனும் மட்டும் வந்திருந்தார்கள். இரண்டு பேர் ஏற்றிவிட்டால்தான் மூன்றாமவன் சுமக்கலாம். இவர்கள் ஒரு மூட்டையைத் தாங்களாகவே ஏற்றப் பார்த்தார்கள். அந்த ஆள் ஒரு முனையைத் தூக்க, கொம்பையா மறுமுனையைத் தன் தோளில் வாங்கப் போக, மூட்டை சரிந்து அவன் கழுத்துக்கும் லாரிப் பலகைக்கும் நடுவில் சாய்ந்து நின்றது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் விட முடியாது. கால் நடுங்கியது.

நாலடி தள்ளி மாசானம் வெறுங்கையோடு நின்றான்.

கொம்பையா கூப்பிடவில்லை. கழுத்தைத் திருப்ப முடிந்த அளவுக்குத் திருப்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

மாசானத்தின் கைகள் தாமாகவே மார்பு வரைக்கும் எழும்பின. மணிக்கட்டில் பட்டை தெரிந்தது. பின்னால் இரண்டு செட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நூறு வீட்டு அடுப்பு என்று ஒரு கணக்கு அவன் தலைக்குள் ஓடியது. அது சரியான கணக்குத்தான்.

அவன் கைகளைக் கீழே இறக்கிக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"ஏழுல வேற யாரும் இல்லையாவே?" என்று கேட்டான்.